அட்வான்ஸ் போட்டாச்சா?

‘ஏமாறுகிறவன் இருக்கிற வரைக்கும் ஏமாற்றுகிறவன் இருக்கத்தான் செய்வான்.’

டீக்கடையில் சொல்வார்கள். கல்யாண வீட்டுப் பந்தியில் சொல்வார்கள். புகார் கொடுக்கப் போன இடத்தில், எழுதிக்கொண்டிருக்கிற ஏட்டய்யாவே பேனாவை மூடி வைத்துவிட்டுச் சொல்வார். கேட்பதற்கு ஏதோ பெரிய ஞானம் மாதிரி இருக்கும். எனக்குத் தெரிந்து இதைவிடச் சோம்பேறித்தனமான வாக்கியம் தமிழில் இல்லை. திருடியவனை விட்டுவிட்டு, பறிகொடுத்தவனைக் கூண்டில் ஏற்றுகிற வாக்கியம் இது. கூடவே நம் எல்லோருக்கும் ஒரு ஆறுதலையும் தருகிறது. ‘அவன் முட்டாள், ஏமாந்தான். நான் உஷார், எனக்கு நடக்காது.’ தீர்ந்தது பிரச்னை.

தீரவில்லை. லீவுக்கு மலை ஊரில் காட்டேஜ் எடுத்துத் தங்க நினைக்கிற குடும்பங்கள் அட்வான்ஸைப் பறிகொடுப்பது நின்றபாடில்லை. படிக்காதவர்கள்தான் ஏமாறுகிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். செல்போனில் ரூம் தேடி, ஆன்லைனில் பணம் கட்டத் தெரிந்தவர் மட்டும்தான் இதில் ஏமாறவே முடியும்!

எப்படி நடக்கிறது என்று பார்ப்போம்.

பரீட்சை முடிந்துவிட்டது. ‘கொடைக்கானல் போகலாம்ப்பா’ என்று பிள்ளைகள் நச்சரிக்கிறார்கள். உங்கள் குடும்பம், மச்சினர் குடும்பம், வயசான அம்மா. ஹோட்டலில் மூன்று ரூம் போடுவதற்குப் பதில் தனி காட்டேஜாக எடுத்தால் எல்லோரும் ஒன்றாக இருக்கலாம், அம்மாவுக்குக் கஞ்சி வைத்துத் தரலாம். நியாயமான ஆசை. நெட்டில் தேடுகிறீர்கள். மேலே வருகிற இணையதளத்தில் அழகான ஒரு காட்டேஜ். மரத் தரை, கணப்பு அடுப்பு, ஜன்னலுக்கு வெளியே பள்ளத்தாக்கு. கீழே ஒரு வாட்ஸ்அப் நம்பர்.

போன் போட்டால் எடுக்கிறவர் தங்கமான மனிதர்.

‘வாங்க சார். எத்தனை பேரு? பெரியவங்க இருக்காங்களா? அப்ப கீழ் ரூம் தந்துடறேன், படி ஏற வேண்டாம் பாருங்க. மே மாசம் சார், இன்னும் ரெண்டு பார்ட்டி கேட்டுட்டு இருக்காங்க. பாதி அட்வான்ஸ் போட்டு விட்டீங்கன்னா உங்களுக்கு பிளாக் பண்ணி வெச்சிடறேன்.’

ஒரு நாளைக்கு 6,000 ரூபாய். மூன்று நாளைக்கு 18,000. பாதி 9,000-ஐ அனுப்புகிறீர்கள். அரை மணி நேரத்தில் மறுபடி போன். ‘சார், சிஸ்டத்துல பில் ஏறலை. முழுத் தொகை வந்தாத்தான் எடுக்குமாம். இன்னொரு 9,000 போடுங்க. பில் ஏறினதும் அது அப்படியே ரிட்டர்ன் வந்துடும்.’ போடுகிறீர்கள். ரிட்டர்ன் வரவில்லை. கேட்டால், பணத்தைத் திருப்பி அனுப்ப ஒரு க்யூ.ஆர். கோடு வருகிறது. ‘ஸ்கேன் பண்ணி உங்க பின் நம்பரைப் போடுங்க, உடனே வந்துடும்.’ வராது சார், போகும். யு.பி.ஐ.யில் க்யூ.ஆர். கோடை ஸ்கேன் பண்ணிப் பின் நம்பர் போட்டால் உங்கள் கணக்கிலிருந்து பணம் வெளியேதான் போகும். உங்களுக்கு வர வேண்டிய பணத்துக்குப் பின் நம்பர் தேவையே இல்லை.

இன்னும் சாமர்த்தியசாலிகள் இவ்வளவு தூரம் இழுக்க மாட்டார்கள். அட்வான்ஸோடு நிறுத்திக்கொள்வார்கள். நீங்கள் சந்தோஷமாக வத்தலக்குண்டு தாண்டி மலையேறி, அவர் அனுப்பிய லொகேஷனில் போய் நிற்கும்போதுதான் விஷயம் தெரியும். காட்டேஜ் அங்கேயே இருக்கும். படத்தில் பார்த்த அதே மரத் தரை, அதே ஜன்னல். ஆனால் அதன் சொந்தக்காரருக்கு நீங்கள் யாரென்றே தெரியாது. அவர் வீட்டுப் படங்களை எடுத்து, எவனோ தன் நம்பரைப் போட்டு விற்றிருக்கிறான். இரவு எட்டு மணி. குளிர். காரில் அம்மா. அந்தத் தங்கமான மனிதரின் போன் சுவிட்ச்டு ஆஃப்.

இப்போது சொல்லுங்கள். இதில் எந்த இடத்தில் நீங்கள் முட்டாள்?

அசல் சொந்தக்காரருக்கே போன் போட்டிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று கொஞ்சம் யோசியுங்கள். அவரும் இதையேதான் சொல்லியிருப்பார். ‘பாதி அட்வான்ஸ் ஜிபே பண்ணிடுங்க சார்.’ எந்த நம்பருக்கு? அவருடைய மச்சான் நம்பருக்கு. ரசீது? ‘ஸ்க்ரீன்ஷாட் அனுப்பி வைங்க, அதுதான் ரசீது.’ பில்? ‘பில்லுன்னா ஜி.எஸ்.டி. சேர்ந்து வரும். உங்களுக்கு எதுக்கு சார் வீண் செலவு?’

என் குற்றச்சாட்டே இதுதான். யோக்கியமாகக் காட்டேஜ் நடத்துகிறவர்களில் நிறையப் பேர் வியாபாரம் செய்கிற விதத்துக்கும், மோசடிக்காரன் செய்கிற விதத்துக்கும் வெளியிலிருந்து பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது. கள்ள நோட்டு அடிக்கிறவனுக்காவது நல்ல பேப்பர் வேண்டும், மிஷின் வேண்டும், கை சுத்தம் வேண்டும். இங்கே காப்பியடிக்க எதுவுமே இல்லை. ஒரு சிம் கார்டு, நாலு படம், ‘சார் சார்’ என்று குழைகிற ஒரு குரல். அவ்வளவுதான் முதலீடு. பில் இல்லாத வியாபாரம்தான் மோசடிக்காரனின் போர்வை. அந்தப் போர்வையை நெய்து கொடுத்தவர்கள் யோக்கியர்கள்.

நாமும் ஒரு கை நூல் கொடுத்திருக்கிறோம். ‘பில் வேண்டாம், கொஞ்சம் குறைச்சுக்கோங்க’ என்று கேட்கிறவர்கள் யார்? நாம்தானே? ஒரு இரவுக்கு 7,500 ரூபாய் வரையுள்ள அறை வாடகைக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. 5 சதவீதம்தான். 6,000 ரூபாய்க்கு 300 ரூபாய். அந்த 300 ரூபாயை மிச்சம் பிடிப்பதற்காக, ஊர், பேர், விலாசம் எழுதிய ஒரே காகிதத்தையும் வேண்டாம் என்று தள்ளிவிடுகிறோம். அப்புறம் 18,000 ரூபாய் போன பிறகு ஆதாரம் தேடுகிறோம்.

காட்டேஜ்காரர்களுக்கு இதைப் படித்தால் கோபம் வரும். ‘அட்வான்ஸ் வாங்காம விட்டா, வர்றேன்னு சொல்லிட்டு வராமப் போயிடறாங்க. சீசன்ல ஒரு நாள் ரூம் காலியாக் கிடந்தா நஷ்டம் எங்களுக்குத்தானே?’ என்பார்கள். வாஸ்தவம். அட்வான்ஸ் வாங்குவதைத் தப்பென்று நான் சொல்லவில்லை. தாராளமாக வாங்குங்கள். காட்டேஜ் பெயரில் ஒரு வங்கிக் கணக்கு வைத்து அதில் வாங்குங்கள். யார், எந்தத் தேதிக்கு, எத்தனை ரூபாய், ரத்து செய்தால் எவ்வளவு திரும்பி வரும் என்று எழுதி ஒரு ரசீது அனுப்புங்கள். நீங்கள் ரொம்பச் சின்ன ஆளாக இருக்கலாம். வருடத்துக்கு 20 லட்சம் ரூபாய்க்குள் வரவு உள்ளவருக்குப் பொதுவாக ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயமில்லை. அதனாலென்ன? வெள்ளைத்தாளில் நாலு வரி எழுதிக் கையெழுத்துப் போட எந்தச் சட்டமும் குறுக்கே நிற்கவில்லையே? ராத்திரி எட்டு மணிக்கு உங்கள் கேட்டில் வந்து நின்று, அழுது, கத்தி, உங்களையே திருடன் என்று திட்டிவிட்டுப் போகிற குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். அந்த மோசடியில் முதலில் திருடு போனது உங்கள் பெயர்தான்.

சரி, காட்டேஜ்காரரையும் நம்மையும் திட்டியாயிற்று. அந்த 18,000 ரூபாய் எந்தெந்தக் கையைத் தாண்டிப் போனது? வரிசையாகப் பார்த்துவிடலாம்.

முதல் கை, தேடித் தருகிற நிறுவனம். நெட்டில் தேடும்போது மேலே வந்து நிற்பது நல்ல காட்டேஜ் என்பதால் வந்ததாக இருக்க வேண்டியதில்லை. காசு கட்டி விளம்பரம் கொடுத்ததால் வந்திருக்கலாம். ‘ஸ்பான்சர்டு’ என்று பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். நம் கண்ணுக்கு அது தெரிவதற்குள் விரல் அமுக்கிவிடும். மத்திய உள்துறையின் கீழ் இருக்கும் இந்திய சைபர் குற்ற ஒருங்கிணைப்பு மையம் 2025 ஏப்ரலில் ஒரு எச்சரிக்கை விட்டது. கேதார்நாத், சார்தாம் ஹெலிகாப்டர் டிக்கெட், யாத்ரீகர்களுக்கு விடுதி, வாடகைக் கார் என்று சொல்லி, போலி இணையதளம், ஃபேஸ்புக் பக்கம், வாட்ஸ்அப் கணக்கு, கூகுள் விளம்பரம் மூலமாக ஏமாற்றுகிறார்கள் என்று அதில் சொல்லியிருந்தார்கள். கவனியுங்கள், விளம்பரம்! திருடன் விளம்பரத்துக்குக் காசு கட்டுகிறான் என்றால், உங்களிடம் அடிக்கப் போகிற பணத்தில் முதல் பங்கை அவன் முன்கூட்டியே கொடுத்துவிட்டான் என்று அர்த்தம். வாங்கிப் போட்டுக்கொண்டவருக்குப் பொறுப்பு இல்லையா?

வரைபடத்தில் இருக்கிற நம்பரும் வேதவாக்கு இல்லை. கூகுள் வரைபடத்தில் வங்கிக் கிளைகளின் போன் நம்பரை எடுத்துவிட்டுத் தங்கள் நம்பரைப் போட்டு மக்களை ஏமாற்றியதை மகாராஷ்டிர சைபர் போலீஸ் 2018-லேயே சொல்லிவிட்டது. பொதுஜனம் திருத்தம் சொல்லலாம் என்று திறந்துவைத்த கதவு வழியாகவே திருடன் உள்ளே வந்தான். வங்கிக்கே இந்தக் கதி என்றால் காட்டேஜ் எம்மாத்திரம்?

இரண்டாவது கை, புக்கிங் செய்து தருகிற தளங்கள். 2023-ல் அந்த ஆண்டு மட்டும் 59,000 போலி வீடுகளைத் தன் பட்டியலிலிருந்து நீக்கியதாக ஏர்பிஎன்பி நிறுவனமே சொன்னது. நீக்கியதற்கு நன்றி. ஆனால் நீக்குகிற வரைக்கும் அவை பட்டியலில்தானே இருந்தன? புக்கிங்.காம் கதை வேறு மாதிரி. 2018 டிசம்பரில் ஐக்கிய அரபு அமீரகத்தில் 40 ஹோட்டல்களின் ஊழியர்களிடம் பேச்சுக் கொடுத்து, லாகின் விவரங்களைக் கறந்து, 4,109 வாடிக்கையாளர்களின் தகவல்களை மோசடிக் கும்பல் எடுத்துவிட்டது. 72 மணி நேரத்துக்குள் சொல்லியிருக்க வேண்டியதை 22 நாள் தாமதமாகச் சொன்னதற்காக, நெதர்லாந்தின் தகவல் பாதுகாப்பு ஆணையம் 4,75,000 யூரோ அபராதம் போட்டது. உங்கள் பெயர், தேதி, ஹோட்டல் எல்லாவற்றையும் சரியாகச் சொல்லி ‘உங்க கார்டை மறுபடி வெரிஃபை பண்ணுங்க’ என்று ஒரு செய்தி வந்தால் உடனே நம்பிவிடாதீர்கள் என்பதற்குத்தான் இந்தக் கதை.

மூன்றாவது கை, வங்கி. மோசடிக்காரன் தன் சொந்தக் கணக்கில் பணம் வாங்குவதில்லை. கமிஷனுக்கு ஆசைப்பட்டவர்களின் கணக்கை வாடகைக்கு எடுத்து, அதில் வாங்கி, சில நிமிடங்களில் நாலு கணக்குக்குப் பிரித்துவிடுவான். உங்கள் அம்மாவின் பென்ஷன் கணக்கில் விலாசம் மாற்ற வேண்டும் என்றால் எத்தனை நகல் கேட்கிறார்கள்? ஒரே நாளில் முன்பின் தெரியாத முப்பது பேர் பணம் போட்டு, வந்த வேகத்தில் காலியாகிற கணக்கைப் பார்த்து ஒரு கேள்வி கேட்கத் தோன்றாதா?

ரிசர்வ் வங்கி 2017-ல் நல்ல காரியம் ஒன்று செய்தது. நம் தவறும் வங்கியின் தவறும் இல்லாமல், மூன்றாவது ஆள் நம் அனுமதியின்றிக் கணக்கிலிருந்து பணத்தை எடுத்துவிட்டால், மூன்று வேலை நாட்களுக்குள் தகவல் சொன்ன வாடிக்கையாளர் ஒரு ரூபாய்கூட இழக்க வேண்டியதில்லை என்று சொன்னது. ஆனால் காட்டேஜ் அட்வான்ஸ் அந்த வகையில் வராது. பின் நம்பரைப் போட்டது நீங்கள். ‘நீங்களே அனுப்பினீங்க சார்’ என்று கவுன்ட்டரில் சொல்லிவிடுவார்கள். பிரிட்டனில் இதற்கு வேறு வழி கண்டுபிடித்தார்கள். ஏமாற்றப்பட்டு வாடிக்கையாளர் தானே அனுப்பிய பணத்தையும், 85,000 பவுண்டு வரை வங்கி திருப்பித் தர வேண்டும் என்று 2024 அக்டோபர் 7 முதல் விதி. கொஞ்சம் கழிவு, சில விலக்குகள் உண்டு. அந்தச் செலவை அனுப்பிய வங்கியும், பெற்றுக்கொண்ட வங்கியும் பாதிப் பாதி ஏற்க வேண்டும். இரண்டாவது பாதியைப் பாருங்கள். திருடனுக்குக் கணக்கு வைத்துக்கொடுத்த வங்கிக்கும் வலிக்க வேண்டும் என்கிறார்கள். வலித்தால்தான் கவனிப்பார்கள். நமக்கும் அப்படி ஒரு விதி வேண்டும்.

நான்காவது கை, அரசாங்கம். வெள்ளைக்காரன் காலத்தில், 1867-ல், சராய் சட்டம் என்று ஒன்று வந்தது. வழிப்போக்கர் தங்கும் சத்திரம் நடத்துகிறவர் யார், எங்கே குடியிருக்கிறார், சத்திரம் எந்த இடத்தில் இருக்கிறது என்று மாஜிஸ்ட்ரேட் ஒரு பதிவேடு வைத்திருக்க வேண்டும். பதிவு செய்யாத சத்திரத்தில் ஆட்களைத் தங்க வைக்கக் கூடாது. அவ்வளவு பழைய காலத்தில் போட்ட சட்டம் இது. இத்தனை காலம் கழித்து, ஒரு காட்டேஜின் பெயரையோ போன் நம்பரையோ தட்டினால் ‘பதிவு உண்டு’, ‘பதிவு இல்லை’ என்று ஒரே நொடியில் சொல்லும் பொதுப் பதிவேடு ஒன்று செல்போனிலேயே வர வேண்டாமா?

சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் கொண்டுவந்தார்கள். என்ன வண்டி, எத்தனை பேர், எத்தனை நாள், எங்கே தங்கப் போகிறீர்கள் என்று கேட்டார்கள். மலையைக் காப்பாற்றக் கேட்டது. நல்லது. ஆனால் ‘எங்கே தங்கப் போகிறாய்’ என்று என்னைக் கேட்கத் தெரிந்த அரசுக்கு, அந்த இடம் நிஜமா என்று எனக்குத் திருப்பிச் சொல்லத் தெரிய வேண்டாமா? அந்தக் கட்டத்தில் நாம் எழுதுவதற்குப் பதில், அனுமதி பெற்ற விடுதிகளின் பட்டியலைக் காட்டி ‘இதில் தேர்ந்தெடு’ என்று வைத்தால் போதும். பட்டியலில் இல்லாத காட்டேஜுக்கு அட்வான்ஸ் அனுப்புகிற கை தானாக நின்றுவிடும்.

இத்தனை கைகளைத் தாண்டித்தான் பணம் போகிறது. கடைசியில் ‘நீ ஏன் ஏமாந்தாய்’ என்று கேட்பது மட்டும் உங்களை! சைபர் மோசடிகளில் 2023-ல் இந்தியர்கள் இழந்தது 7,465 கோடி ரூபாய். 2024-ல் 22,845 கோடி. பார்லிமென்ட்டில் அரசே கொடுத்த கணக்கு இது. ரூம் மோசடி இந்தக் கடலில் ஒரு துளிதான். என் கேள்வி வேறு. ஒரே வருடத்தில் இழப்பு மூன்று மடங்காகியிருக்கிறது. ஒரே வருடத்தில் இந்தியர்கள் மூன்று மடங்கு முட்டாள்களாகிவிட்டார்களா? ‘ஏமாறுகிறவன் இருக்கிற வரைக்கும்’ என்கிற டீக்கடை ஞானி இதற்குப் பதில் சொல்லட்டும்.

அரசும் வங்கியும் திருந்துகிற வரைக்கும் லீவு காத்திருக்காது. எனவே உங்கள் பங்குக்குச் சில விஷயங்கள். இருபது எச்சரிக்கைகளை மனப்பாடம் செய்ய வேண்டாம். ஒரே ஒரு கேள்வி போதும். ‘நான் அனுப்புகிற பணம், எனக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்ட ஒருவரிடம் போகிறதா?’

தெரிந்த புக்கிங் தளம் வழியாகப் போனால், கடைசி வரை அதற்குள்ளேயே பேசுங்கள், அதற்குள்ளேயே பணம் கட்டுங்கள். ஏர்பிஎன்பி போன்ற தளம் நம் பணத்தைத் தன்னிடம் வைத்திருந்து, பொதுவாக நாம் வந்து சேர வேண்டிய நேரத்துக்கு ஒரு நாள் கழித்துத்தான் வீட்டுக்காரருக்கு விடுவிக்கிறது. அந்த ஒரு நாள்தான் உங்கள் பாதுகாப்பு. ‘ஆப்புல கமிஷன் போயிடுது சார், வெளியே வாங்க, ஆயிரம் குறைச்சுத் தர்றேன்’ என்று எவராவது சொன்னால், அந்தப் பாதுகாப்பை ஆயிரம் ரூபாய்க்கு விலை பேசுகிறார் என்று புரிந்துகொள்ளுங்கள்.

நேரடியாகப் பேசி எடுப்பதாக இருந்தால் பில் கேளுங்கள். ஜி.எஸ்.டி. நம்பர் இருந்தால் வாங்குங்கள். 15 இலக்கம் இருக்கும். தமிழ்நாட்டுக்காரர் என்றால் 33 என்று ஆரம்பிக்கும். கேரளாவுக்கு 32, கர்நாடகத்துக்கு 29. ஜி.எஸ்.டி. இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் காசில்லாமல் அந்த நம்பரைப் போட்டுப் பார்க்கலாம். யார் பெயரில் இருக்கிறது, பதிவு உயிரோடு இருக்கிறதா என்று காட்டிவிடும். அசல் நம்பரையே திருடிக் கொடுத்திருக்கலாம் அல்லவா? அதனால் அடுத்த படி முக்கியம்.

பணம் அனுப்புமுன் திரையில் வரும் பெயரைப் படியுங்கள். நம் போனில் நாம் பதிந்து வைத்த பெயரோ, எதிராளி தனக்குத்தானே சூட்டிக்கொண்ட பெயரோ வரக் கூடாது, வங்கிக் கணக்கில் பதிவான பெயர்தான் வர வேண்டும் என்று தேசிய பேமென்ட்ஸ் கார்ப்பரேஷன் உத்தரவிட்டது. அதற்கு 2025 ஜூன் 30 வரை கெடு கொடுத்தது. காட்டேஜ் பெயர் ஒன்று, பில்லில் பெயர் இன்னொன்று, திரையில் சம்பந்தமில்லாத மூன்றாவது பெயர் என்றால், அங்கேயே நிறுத்திவிடுங்கள். ‘அது எங்க அக்கவுன்டன்ட் சார்’ என்பார். அக்கவுன்டன்ட்டுக்கு எதற்கு நம் பணம்?

அந்த இடம் இருக்கிறதா என்று பார்க்க நம் ஊர் வழி ஒன்று இருக்கிறது. வரைபடத்தில் அந்தக் காட்டேஜுக்குப் பக்கத்தில் இருக்கிற மளிகைக் கடைக்கோ ஹோட்டலுக்கோ ஒரு போன் போடுங்கள். ‘அண்ணே, பக்கத்துல இந்தப் பேர்ல காட்டேஜ் இருக்கா? அவங்க நம்பர் தெரியுமா?’ மலை ஊர்க்காரர்கள் அன்பானவர்கள், சொல்லிவிடுவார்கள். காட்டேஜ்காரரிடம் வீடியோ காலில் கேட்டிலிருந்து ரூம் வரை நடந்து காட்டச் சொல்லுங்கள். நிஜமான ஆள் ஐந்து நிமிடத்தில் காட்டுவார். மற்றவருக்கு அன்றைக்குப் பார்த்து நெட்வொர்க் இருக்காது.

கிரெடிட் கார்டில் கட்ட முடிந்தால் அதில் கட்டுங்கள். சொன்ன சேவை கிடைக்கவில்லை என்று கார்டு கொடுத்த வங்கியிடம் தகராறு எழுப்பிப் பணத்தைத் திரும்பக் கேட்க வழி இருக்கிறது. ஆதார் நகல் கேட்டால் கடைசி நாலு எண் மட்டும் தெரிகிற மறைத்த ஆதாரைக் கொடுங்கள். அவர் தன் ஆதாரை அனுப்பி ‘என்னை நம்புங்க’ என்றால் உருகிவிடாதீர்கள். அது இதற்கு முன் ஏமாந்தவருடைய ஆதாராக இருக்கலாம். நீங்கள் அனுப்புவது அடுத்தவருக்குக் காட்டப்படலாம்.

இத்தனையும் பார்த்தும் பணம் போய்விட்டதா? வெட்கப்பட்டுக்கொண்டு உட்காராதீர்கள். ‘வீட்ல தெரிஞ்சா திட்டுவாங்க’, ‘ஆபீஸ்ல சிரிப்பாங்க’ என்று நீங்கள் வாயை மூடிக்கொண்டிருக்கிற ஒவ்வொரு மணி நேரமும் திருடனுக்குச் சம்பளம். உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் போடுங்கள். சைபர் குற்றத்துக்கான தேசிய உதவி எண் அது. பணம் எந்தக் கணக்குக்குப் போனதோ, அங்கிருந்து எங்கே நகர்ந்ததோ, அந்த வங்கிகளுக்குத் தகவல் போய், இன்னும் எடுக்கப்படாமல் இருக்கிற தொகையை முடக்க முயற்சி செய்வார்கள். முதல் சில மணி நேரம்தான் எல்லாமே. பரிமாற்ற எண், தேதி, தொகை, எதிராளியின் நம்பர், பேசிய வாட்ஸ்அப் உரையாடல் எதையும் அழித்துவிடாதீர்கள். உங்கள் வங்கிக்கும் சொல்லுங்கள். தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலும் எழுத்தில் பதிவு செய்யுங்கள். கம்ப்யூட்டர், செல்போன் வழியாக வேறு ஆளாக நடித்து ஏமாற்றினால், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவில் 3 ஆண்டு வரை சிறை உண்டு. ஏட்டய்யா பேனாவை மூடினால், இந்தப் பிரிவைச் சொல்லித் திறக்கச் சொல்லுங்கள்.

காட்டேஜ் நிஜமாகவே இருந்து, படத்தில் காட்டியது ஒன்று, கொடுத்தது வேறொன்று என்றால் அது வேறு வழக்கு. அதற்கு நுகர்வோர் உதவி எண் 1915. புக்கிங் தளம் மூலமாக எடுத்திருந்தால், 2020-ல் வந்த இ-காமர்ஸ் விதிகளின்படி அந்தத் தளத்துக்கு ஒரு குறை தீர்க்கும் அதிகாரி இருக்க வேண்டும். புகார் வந்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும்.

பக்கத்து வீட்டுக்காரர் ஏமாந்துவிட்டார் என்று கேள்விப்பட்டால் நீங்கள் செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. ‘இவ்வளவு படிச்சும் எப்படி சார்?’ என்று கேட்காதீர்கள். ‘1930-க்குப் போட்டீங்களா?’ என்று கேளுங்கள்.

பில் கேட்பதை நம் ஊரில் அவமானமாக நினைக்கிறோம். ‘நம்பிக்கை இல்லையா சார்?’ என்று அவர் முகம் சுளிப்பார், நமக்கும் கூச்சமாக இருக்கும். அந்தக் கூச்சம்தான் மோசடிக்காரனின் மூலதனம். நூறு பேர் ரசீது கேட்டால், யோக்கியமான காட்டேஜ்காரர் ரசீதுப் புத்தகம் அச்சடிப்பார். எல்லோரும் ரசீது தருகிற ஊரில், தர முடியாதவன் தனியாகத் தெரிவான். இந்த லீவுக்கு எந்த மலைக்குப் போனாலும் இதை ஆரம்பித்து வையுங்கள்.

‘அட்வான்ஸ் போட்டாச்சா சார்?’ என்று அவர் கேட்பார்.

‘ரசீது வரட்டும், போட்டுடறேன்’ என்று சொல்லுங்கள்.